காரைக்காலில் கேபிளும் ஓடிடியும்: வீட்டுத் தொலைக்காட்சிச் சந்தாவைத் தேர்ந்தெடுத்தல்

காரைக்கால் மாவட்டத்தில் ஒரு வீட்டில் தொலைக்காட்சி பார்க்க இன்று நான்கு வழிகள் உள்ளன. தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள், மாடியில் குடை பொருத்திப் பெறும் டி.டி.எச்., சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ், இணையத்தின் வழியே செயலிகளில் பார்க்கும் ஓடிடி ஆகியவையே அவை. கேபிளுக்கும் டி.டி.எச்.சுக்கும் மாதந்தோறும் பணம் கட்டிவரும் குடும்பங்கள், ஓடிடிக்கும் சேர்த்துப் பணம் கட்டத் தொடங்கியபின், எதை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்குப் பெரும்பாலும் விலையை மட்டும் பார்த்து விடை தேடப்படுகிறது. கேபிளுக்கு மாதம் 250 ரூபாய், செயலிக்கு மாதம் 50 ரூபாய், ஆகவே செயலியே மலிவு என்பது பரவலான கணக்கு. இக்கணக்கில் ஒரு பிழை உண்டு. கேபிள் கட்டணத்தில் நிகழ்ச்சியோடு அதைக் கொண்டுவரும் கம்பியின் செலவும் அடங்கியிருக்கிறது. செயலிக் கட்டணத்தில் நிகழ்ச்சி மட்டுமே அடங்கும். அதைக் கொண்டுவரும் இணையத்துக்குத் தனியே கட்ட வேண்டும். எனவே வீட்டில் கம்பிவழி இணையம் ஏற்கெனவே இருக்கிறதா, அந்த வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்னும் இரண்டுமே முடிவைத் தீர்மானிக்கின்றன. செயலியின் விலை மூன்றாவதாகவே வரும்.

ஆன்டெனாவிலிருந்து கேபிளுக்கு

சோழமண்டலக் கரையோர ஊர்களில் தொலைக்காட்சி பரவிய 1980களில் சென்னைத் தூர்தர்ஷனின் அலைகளைவிட இலங்கையின் அலைகளே அங்குத் தெளிவாகக் கிடைத்தன. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. இலங்கையின் ரூபவாகினி 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை கடல்வழியே சுமார் 110 கிலோமீட்டர்தான். உயரமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் பொருத்தி, தெற்கு நோக்கித் திருப்பி வைத்து ரூபவாகினி பார்த்த தலைமுறை இன்றும் டெல்டாவில் இருக்கிறது. அரசியல் எல்லைக்கும் அலையின் எல்லைக்கும் தொடர்பில்லை என்பதை இக்கரையோரம் அப்போதே கண்டுகொண்டது.

1990களின் தொடக்கத்தில் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியபின் தமிழ் வீடுகளில் கேபிள் அவசியமான இணைப்பாக மாறியது. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1995 இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்துக்கான 2011 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நாடு நான்கு கட்டங்களாக எண்முறைக்கு மாறியது. பெருநகரங்கள் முதல் கட்டத்திலும், 38 நகரங்கள் இரண்டாம் கட்டத்திலும், ஏனைய நகர்ப்புறங்கள் மூன்றாம் கட்டத்திலும், ஊரகப் பகுதிகள் கடைசியாகவும் மாறின. செட்டாப் பாக்ஸ் இல்லாமல் கம்பியை நேரே தொலைக்காட்சியில் செருகிப் பார்த்த காலம் இதனுடன் முடிந்தது.

எல்லையும் கம்பியும்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு வட்டாரங்களுள் ஒன்று. தலைநகர் புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிழக்கே வங்கக் கடல், மற்ற பக்கங்களில் தமிழ்நாடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 2,00,222 பேர் வாழ்ந்தனர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்த பகுதி இது.

இவ்வரலாறு வீட்டுத் தொலைக்காட்சிவரை வந்து நிற்கிறது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007 இல் பதிவு செய்யப்பட்டது. 2011 செப்டம்பரில் சென்னை நீங்கலான மாவட்டங்களில் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை அளிக்கத் தொடங்கி, தனியார் கேபிள் கட்டணத்தையும் இறங்கச் செய்தது. அது தமிழ்நாட்டு அரசின் நிறுவனம். அதன் எண்முறை உரிமமும் தமிழ்நாட்டுக்கே உரியது. நாகூரை ஒட்டிய வாஞ்சூரும், தரங்கம்பாடிப் பக்கத்துப் பூவமும் காரைக்கால் மாவட்டத்தின் எல்லை ஊர்கள். எல்லைக்கு அப்பால் இருக்கும் உறவினர் வீட்டில் 'அரசு கேபிள்' இருக்கும். இப்பால் அந்தத் தெரிவு இல்லை. மின்சாரமும் அப்படியே: இங்கு மின்கம்பங்கள் தமிழ்நாடு மின்வாரியத்துக்கு உரியவை அல்ல, புதுச்சேரி மின்துறைக்கு உரியவை.

தொலைபேசியும் இணையமும் வேறு கணக்கில் வருகின்றன. தொலைத்தொடர்பு உரிமங்களில் புதுச்சேரிப் பகுதிகள் தமிழ்நாடு வட்டத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன. கைபேசி நிறுவனம் எதுவாயினும் காரைக்காலுக்கும் மயிலாடுதுறைக்கும் ஒரே கட்டணம், ஒரே திட்டம். கேபிளுக்கு இருக்கும் எல்லை, டி.டி.எச். குடைக்கும் இல்லை, ஓடிடிக்கும் இல்லை. அரசின் மலிவுக் கேபிள் எட்டாத பகுதி என்பதால், தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றைவிடக் காரைக்கால் குடும்பத்துக்கு இந்த ஒப்பீடு சற்று முன்னதாகவே தேவைப்படுகிறது.

கேபிள் கட்டணம் எப்படி அமைகிறது

கேபிள்காரர் சொல்லும் தொகையை அப்படியே கொடுத்துவிடுவது வழக்கம். அத்தொகையின் உள்ளடக்கத்தைச் சட்டம் வகுத்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 இல் வெளியிட்டு, 2019 தொடக்கத்தில் வீடுகளுக்கு வந்த கட்டண முறையின்படி, சந்தா இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று கம்பிக்கான வலையமைப்புக் கட்டணம். மற்றது, பார்ப்பவர் தேர்ந்தெடுக்கும் கட்டண அலைவரிசைகளின் விலை.

வலையமைப்புக் கட்டணம் தொடக்கத்தில் 100 அலைவரிசைகளுக்கு அதிகபட்சம் 130 ரூபாய் என இருந்தது. 2020 இல் அதே 130 ரூபாய்க்கு 200 அலைவரிசைகள் என்றாயிற்று. 2024 ஜூலையில் டிராய் இந்த உச்சவரம்பையே நீக்கிவிட்டது. நிறுவனங்கள் தாமே கட்டணத்தை நிர்ணயித்து அறிவிக்கலாம். தொகுப்பில் சேர்க்கப்படும் ஓர் அலைவரிசையின் விலைக்கு 19 ரூபாய் என்ற வரம்பு 2019 முறையில் வந்தது. 2020 இல் அதை 12 ஆகக் குறைக்க முயன்ற டிராய், 2022 நவம்பர்த் திருத்தத்தில் மீண்டும் 19 ஆக்கியது.

எடுத்துக்காட்டாக, 130 ரூபாய் வலையமைப்புக் கட்டணமும், 19 ரூபாய் வீதம் நான்கு கட்டண அலைவரிசைகளும் எடுக்கும் வீட்டுக்குக் கூட்டுத்தொகை 206 ரூபாய். 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேர்த்தால் 243 ரூபாய். செய்தி அலைவரிசைகளில் பல கட்டணமற்றவை. அவை 130 ரூபாய்க்குள்ளேயே வந்துவிடும். கன்னடம், இந்தி, குழந்தைகள், விளையாட்டு என எல்லாம் கலந்த பெரிய தொகுப்பைத்தான் கேபிள்காரர் முதலில் நீட்டுவார். நிறுத்துவதா வேண்டாமா என்று யோசிக்கும் முன் இத்தொகுப்பைக் குறைத்துப் பார்ப்பதே பல வீடுகளில் போதுமான சேமிப்பைத் தந்துவிடும். ஒவ்வொரு கட்டண அலைவரிசையின் விலையையும் திரையில் வரும் நிகழ்ச்சி வழிகாட்டியிலேயே காட்ட வேண்டும் என்பது விதி.

எந்தச் செயலியில் எது

ஓடிடிக்கு இத்தகைய கட்டண ஒழுங்குமுறை இல்லை. அது டிராயின் அலைவரிசை விலை விதிகளுக்குள் வராது. 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள் அதன் உள்ளடக்கத்தையும் புகார் முறையையும் மட்டுமே தொடுகின்றன. விலையை நிறுவனமே நிர்ணயிக்கிறது, மாற்றுகிறது. அமேசான் பிரைமின் ஆண்டுச் சந்தா 2021 டிசம்பரில் 999 ரூபாயிலிருந்து 1,499 ஆக உயர்ந்தது. அதே மாதம் நெட்ஃபிளிக்ஸ் தன் கைபேசித் திட்டத்தை 199 ரூபாயிலிருந்து 149 ஆகக் குறைத்தது. ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் இணைந்த ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரி 14 அன்று தொடங்கியபோது, மூன்று மாதங்களுக்கு 149 ரூபாய் என்ற தொடக்கத் திட்டத்தை அறிவித்தது. விளம்பரத்தில் பெரிதாக வரும் இத்தகைய விலைகள் பெரும்பாலும் ஒரே ஒரு கைபேசிக்கானவை. கூடத்துத் தொலைக்காட்சியில் குடும்பமாகப் பார்க்க மேல்திட்டம் தேவைப்படும். ஒப்பீட்டில் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

தமிழ் வீடுகளில் மாலையில் ஓடுபவை நெடுந்தொடர்கள். ஒரே மாலையில் சன் டிவியின் ஒரு தொடர், விஜய் டிவியின் ஒரு தொடர், ஜீ தமிழின் ஒரு தொடர் எனப் பார்க்கும் பழக்கம் பரவலானது. ரிமோட்டில் இது மூன்று எண்கள். ஓடிடியில் இது மூன்று செயலிகள், மூன்று சந்தாக்கள்: சன் தொடர்கள் சன் நெக்ஸ்டில், விஜய் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ்த் தொடர்கள் ஜீ5இல். மூன்று கடவுச்சொற்களும் வந்து சேரும். தொடர் பார்க்கும் மூத்தோர் உள்ள வீட்டில் கேபிளை நிறுத்தினால் மாலைநேரப் பொறுப்பு பேரப்பிள்ளைகளின் தலையில் விழும். அவர்கள் வெளியூரில் படிக்கப் போனபின் தொலைக்காட்சி அணைந்தே கிடக்கும். மாதம் நூறு ரூபாய் மிச்சம் என்ற கணக்கில் இந்த இழப்பு தெரிவதில்லை.

திரைப்படத்தில் நிலைமை நேரெதிர். 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' திரையரங்குக்குச் செல்லாமல் நேரே அமேசான் பிரைமில் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று' அவ்வாறே வந்தது. அதன்பின் புதுப்படங்கள் திரையரங்கை விட்டு முதலில் ஓடிடிக்கும் பிறகு அலைவரிசைக்கும் வருவது வழக்கமாகிவிட்டது. புதுப்படமே முதன்மை என்னும் வீட்டுக்குக் கேபிளில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் படங்கள் பல செயலிகளில் சிதறிக் கிடப்பதால் எல்லாவற்றையும் ஒருசேர வாங்குவது வீண். ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று என மாற்றி மாற்றி வாங்குவோர் குறைந்த செலவில் நிறையப் பார்க்கிறார்கள்.

செய்திக்குச் சந்தாவே தேவையில்லை. புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் போன்றவை யூடியூபில் நேரலையாகவே கிடைக்கின்றன.

கிரிக்கெட்டில் ஒரு சட்ட நுணுக்கம் உள்ளது. நாட்டு முக்கியத்துவம் வாய்ந்ததென அறிவிக்கப்பட்ட போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என 2007 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 2017 இல் உச்ச நீதிமன்றம், அவ்வாறு பகிரப்படும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்சுக்கும் மட்டுமே உரியது, தனியார் கேபிளிலும் டி.டி.எச்.சிலும் அதைக் காட்ட இயலாது எனத் தீர்ப்பளித்தது. சந்தா கட்டும் வீட்டில் தூர்தர்ஷனில் ஆட்டம் வராமல், சந்தா கட்டாத ஃப்ரீ டிஷ் வீட்டில் வருவதன் காரணம் இதுவே. ஐ.பி.எல். இப்பட்டியலில் இல்லை, அதற்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். ஓடிடியில் நேரலை சில நொடிகள் முதல் அரை நிமிடம்வரை பிந்தி வரும். பக்கத்துக் கேபிள் வீட்டில் ஆரவாரம் எழுந்தபின் இங்குப் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குவார்.

இணையத்தின் அளவு

நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கின்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி, எச்.டி. தரத்தில் 3 ஜிபி, 4கே தரத்தில் 7 ஜிபி வரை செலவாகும். வேகம் முழு எச்.டி.க்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 மெகாபிட் போதும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தைத் தொலைக்காட்சியோடு இணைத்தால் எச்.டி. தரத்தில் அரை மணி நேரம் ஓடும். நாளுக்கு நான்கு மணி நேரம் தொலைக்காட்சி ஓடும் வீட்டுக்கு மாதம் 360 ஜிபி தேவை. ஆகவே கூடத்துத் தொலைக்காட்சிக்கு ஓடிடியை நம்புவதென்றால் கண்ணாடியிழை இணைப்பு வேண்டும்.

கணக்கு இங்கேதான் திரும்புகிறது. ஜியோ ஃபைபர் 2020 இல் அறிவித்த தொடக்கத் திட்டம் 30 மெகாபிட் வேகத்துக்கு 399 ரூபாய். வரியோடு 471 ரூபாய். தொலைக்காட்சிக்காக மட்டும் இந்த இணைப்பை எடுக்கும் வீடு, ஒரு செயலிகூட வாங்குவதற்கு முன்பே மேற்சொன்ன 243 ரூபாய்க் கேபிளைப்போல ஏறத்தாழ இரு மடங்கு கொடுக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கோ, வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கோ இணைப்பு ஏற்கெனவே இருக்கும் வீட்டில் அந்த 471 ரூபாய் எப்படியும் போவதுதான். அங்கு ஓடிடியின் கூடுதல் செலவு சந்தா மட்டுமே. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு ஓடிடியும் அடுத்த வீட்டுக்குக் கேபிளும் மலிவாக அமைவது இதனால்தான்.

இரண்டுக்கும் இடையிலான கோடும் மங்கி வருகிறது. பி.எஸ்.என்.எல். தன் கண்ணாடியிழை இணைப்பைப் பல ஊர்களில் உள்ளூர்க் கேபிள் இயக்குநர்கள் வழியாகவே வீடுகளுக்குக் கொண்டுசெல்கிறது. நேற்றுவரை கேபிளுக்குப் பணம் வாங்க வந்தவரே இன்று இணையத்துக்கும் ரசீது தருகிறார். கண்ணாடியிழையிலேயே அலைவரிசைகளைத் தரும் சேவையையும் அந்நிறுவனம் 2024 இல் அறிமுகப்படுத்தியது. இதில் நிகழ்ச்சிகள் நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள்ளேயே வருவதால் மாத இணைய அளவு குறைவதில்லை.

மழை, புயல், மின்தடை

வடகிழக்குப் பருவமழை பெறும் கடலோர ஊருக்கு இது சிறிய செய்தி அல்ல. டி.டி.எச். குடைக்கு வரும் கு-பேண்ட் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே. கனமழையில் நீர்த்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. திரையில் 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. ஃப்ரீ டிஷ்சுக்கும் இதே நிலைதான். கேபிள் நிலையங்கள் பெரிய குடைகளில் பெறும் சி-பேண்ட் அலை ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் நீளமுள்ளது. மழையால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குடை வீட்டில் படம் நின்றிருக்கும்போது கேபிள் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். கடற்காற்றின் உப்பு குடையின் இணைப்பு முனைகளையும் அரித்துவிடும். கடலோரக் குப்பங்களில் இது வேகமாக நடக்கும்.

மின்தடையில் கேபிளின் பலவீனம் வெளிப்படும். பழைய செம்புக் கம்பி வலையமைப்பில் தெருவுக்குத் தெரு பெருக்கிகள் உண்டு. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கேபிள் வராததற்கு, பெருக்கி இருக்கும் தெருவில் மின்சாரம் இல்லாதது காரணமாக இருக்கலாம். கண்ணாடியிழையில் இடையிலுள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. நிலையத்திலும் வீட்டிலும் இருந்தால் போதும். வீட்டு மோடத்துக்குச் சிறிய மின்கலம் ஒன்றை வைத்தால் மின்தடையிலும் கைபேசியில் பார்க்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் போன்ற நாளில் இந்த வேறுபாடுகளுக்குப் பொருளில்லை. கம்பம் சாய்ந்தால் அதில் தொங்கும் எல்லாக் கம்பிகளும் சாயும். அப்போது மின்கல வானொலியே துணை. காரைக்கால் பண்பலை வானொலி நிலையத்தின் பயன் அத்தகைய நாட்களில் தெரியும்.

ஒரே சந்தா, பல ஊர்கள்

காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் உறவினர் உண்டு. அங்கிருப்பவர் எடுத்த சந்தாவை இங்கிருப்பவர் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலை 20 முதல் இந்தியாவிலும் கடவுச்சொல் பகிர்வைக் கட்டுப்படுத்தி, ஒரு கணக்கு ஒரே வீட்டாருக்கு என்றாக்கியது. நிகழ்ச்சிகளின் உரிமையும் நாடு வாரியாக விற்கப்படுவதால், பிரான்சின் அரசுத் தொலைக்காட்சிச் செயலியில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் அந்நாட்டுக்கு வெளியே திறப்பதில்லை. பிரெஞ்சு அறிந்த மூத்தோருக்கு, உலகெங்கும் பார்க்கத்தக்க டிவி5மாண்ட்பிளஸ் 2020 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

பணம் செலுத்தும் முறையிலும் கவனம் தேவை. கேபிளுக்குப் பணம் கட்டாவிட்டால் படம் நிற்கும். செயலிச் சந்தா, நிறுத்தச் சொல்லாவிட்டால், தானே புதுப்பித்துக்கொள்ளும். இந்திய ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், தானியங்கிப் பற்றுக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுவதால் பார்க்காத செயலிக்கு மாதக்கணக்கில் பணம் போகிறது. இருவகைச் சேவையிலும் நிறுவனத்திடம் தீராத குறைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

நாடு முழுவதும் சந்தாக்காரர்கள் நகர்ந்து வருவதை டிராயின் கணக்கு காட்டுகிறது. கட்டண டி.டி.எச். இணைப்புகள் 2024 மார்ச்சில் ஏறத்தாழ 6.2 கோடியாக இருந்து, 2025 மார்ச்சில் ஏறத்தாழ 5.7 கோடியாகக் குறைந்தன. இவர்கள் அனைவரும் ஓடிடிக்குப் போனவர்கள் அல்லர். ஒரு பகுதியினர் சந்தாவில்லா ஃப்ரீ டிஷ்சுக்குச் சென்றிருக்கிறார்கள். ஃப்ரீ டிஷ்சில் இந்தி அலைவரிசைகளே மிகுதி என்பதால் தமிழ் வீட்டுக்கு அது அவ்வளவாக உதவாது. டிடி தமிழ் மட்டும் போதும் என்பவர்களுக்குப் பொருந்தும்.

எந்தச் செயலியின் விலைப்பட்டியலிலும் வராத ஒன்று உள்ளூர் அலைவரிசை. கேபிள் இயக்குநர்கள் தங்கள் வலையமைப்புக்குள் நடத்தும் இவ்வலைவரிசைகளில் ஊர்த் திருவிழா, பள்ளி விழா, கடை விளம்பரம், இரங்கல் அறிவிப்பு எல்லாம் வரும். ஆனி மாதத்தில் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவின்போது மாடிகளிலிருந்து மாங்கனிகள் இறைக்கப்படுவதையும், திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சியையும், நெரிசலில் போக இயலாத முதியோர் வீட்டிலிருந்தே பார்க்க இவை உதவுகின்றன. இந்நேரலைகள் இப்போது யூடியூபிலும் வருகின்றன. தேடி எடுத்துப் போட்டுத்தர வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.